தெருவும் வீடும்: தமிழ்நாட்டில் வானவில் பேரணி வந்த வழி

2009 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை, சென்னை மெரினாவில் நகரின் முதல் வானவில் பேரணி நடந்தது. திருநங்கையரும், தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களும் பெண்களும், அவர்களுடைய நண்பர்களும் கடற்கரையோரம் சேர்ந்து நடந்தனர். அதே நாளில் தில்லியிலும் பெங்களூரிலும் பேரணிகள் நடந்தன. நான்கு நாள் கழித்து, ஜூலை 2 அன்று, வயதுவந்த இருவர் இசைந்து தனிமையில் கொள்ளும் உறவைக் குற்றமாக்க இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்று தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் இருந்த இருவருக்கும் சென்னையோடு தொடர்பு உண்டு. ஏ.பி. ஷா அதற்கு முன்பு சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர், எஸ். முரளிதர் சென்னையில் வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கியவர்.

இந்தப் பேரணியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நியூயார்க்கில் தொடங்குகிறார்கள். அங்கிருந்து கொல்கத்தா, தில்லி, கடைசியில் சென்னை என்று கோடு இழுக்கிறார்கள். அந்தக் கோடு பொய்யல்ல. ஆனால் சென்னைக்கு வரும்போது அது பாதி உண்மையை மறைத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் இந்தப் பேரணி இரண்டு வெவ்வேறு வாழ்வுகள் சந்தித்த இடம் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு தரப்பு வீட்டிலிருந்து துரத்தப்பட்டு ஏற்கெனவே தெருவில் நின்றது. மறு தரப்பு வீட்டுக்குள் ஒளிந்திருந்தது. இருவரின் கோரிக்கைகளும் ஒன்றல்ல. அவை ஒரே ஊர்வலத்தில் இணைந்த விதத்தையும், பின்னர் அவற்றுக்கு நேர்ந்ததையும் பார்க்கவேண்டும்.

வெளியே நடந்தவை

நியூயார்க் கதையில் நமக்கு வேண்டியது ஒரு திருப்பம்தான். 1965 முதல் 1969 வரை ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 4 அன்று பிலடெல்பியாவின் சுதந்திர மண்டபத்தின் முன் தன்பாலீர்ப்பாளர்களின் சிறு குழு மறியல் செய்தது. ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் பாவாடையும் அணியவேண்டும் என்பது அதன் கட்டுப்பாடு. வேலைக்குத் தகுதியான, கண்ணியமான குடிமக்கள் என்று காட்டுவது நோக்கம். 1969 ஜூன் 28 அதிகாலை, நியூயார்க்கின் ஸ்டோன்வால் விடுதியில் காவல்துறை நுழைந்தபோது உள்ளிருந்தவர்களும் தெருவில் கூடியவர்களும் எதிர்த்து நின்றார்கள். ஓராண்டு கழித்து அதே தேதியில் கிறிஸ்டோபர் தெருப் பகுதியிலிருந்து சென்ட்ரல் பூங்கா வரை ஊர்வலம் போனபோது உடைக் கட்டுப்பாடு கைவிடப்பட்டிருந்தது. அனுமதி கேட்டு நிற்பதிலிருந்து தெருவைத் தமதாக்கிக்கொள்வதற்கு நகர்ந்தது அந்த இயக்கம். கொண்டாட்டமும் ஆர்ப்பாட்டமும் பிரிக்கமுடியாமல் கலந்தது அன்றுதான். ஆறு வண்ண வானவில் கொடி அதற்கும் பிந்தையது. 1978இல் சான்பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் உருவாக்கியபோது அதில் எட்டு வண்ணங்கள் இருந்தன.

இந்தியாவில் முதல் எதிர்ப்பில் கொண்டாட்டத்தின் சாயலே இல்லை. 1992 ஆகஸ்ட் 11 அன்று, எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன் என்ற அமைப்பு தில்லிக் காவல்துறைத் தலைமையகத்தின் முன் கூடியது. பூங்காக்களில் ஆண்களைச் சந்தேகத்தின்பேரில் பிடித்துச் செல்வதைக் கண்டித்த கூட்டம் அது. 1998 டிசம்பரில், இரு பெண்களின் காதலைச் சொன்ன 'ஃபயர்' படம் ஓடிய திரையரங்குகளை சிவசேனாவினர் தாக்கினர். தில்லி ரீகல் திரையரங்கின் முன் மெழுகுவத்தி ஏந்திக் கூடியவர்களில் பெண்கள் சிலர், தாம் இந்தியர், தன்பாலீர்ப்புப் பெண்கள் என்று எழுதிய அட்டையைப் பிடித்து நின்றனர். 1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில் மஞ்சள் சட்டை அணிந்த சுமார் பதினைந்து பேர் நட்பு நடை என்ற பெயரில் நடந்தார்கள். தில்லித் தீர்ப்புக்குச் சரியாகப் பத்தாண்டு முன்பு அது. நடந்த அனைவரும் ஆண்கள். 2001இல் லக்னோவில் எச்.ஐ.வி. தடுப்புப் பணியாளர்களை 377ஆம் பிரிவின்கீழ் கைதுசெய்து வாரக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். ஆணுறை கொடுப்பதே குற்றத்துக்கு உடந்தை என்றானது. அதே ஆண்டின் இறுதியில் நாஸ் அறக்கட்டளை அந்தப் பிரிவை எதிர்த்துத் தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது. 2008 ஜூன் 29 அன்று தில்லி, பெங்களூர், கொல்கத்தா மூன்றிலும் ஒரே நாளில் பேரணி நடந்தது. சென்னை அந்த வரிசையில் இல்லை.

தெருவில் இருந்தவர்கள்

சென்னை பிந்தியதாலேயே தமிழ்நாடு பின்தங்கியிருந்தது என்று சொல்லிவிட முடியாது. உளுந்தூர்பேட்டைக்கு அருகே கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழா தலைமுறைகளாக நடக்கிறது. களப்பலியாகும் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலியறுத்து வெள்ளைப் புடவை உடுத்தும் சடங்குக்கு நாடெங்கும் இருந்து திருநங்கையர் வருகிறார்கள். அதை வானவில் பேரணியின் பழைய வடிவம் என்று சில எழுத்தாளர்கள் காட்டுவதை நான் ஏற்கவில்லை. அது ஒரு கிராமத்தின் வேண்டுதல் திருவிழா; உரிமைக் கோரிக்கை அதன் உள்ளடக்கம் அல்ல. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் கூடி, ஜமாத்துகள் என்னும் திருநங்கையர் குழுக்கள் பேசிக்கொண்டு, ஊரார் கண்முன் தம் உருவில் நடமாடிய அனுபவத்தை அது கொடுத்தது. விழுப்புரத்தில் அழகிப் போட்டியும் கருத்தரங்கும் மருத்துவ முகாமும் அதையொட்டி வளர்ந்தன.

மருத்துவ முகாம் என்பது தற்செயல் அல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதலில் உறுதிசெய்யப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அதைக் கண்டறிந்தனர். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தடுப்புப் பணிக்கு வந்த நிதி, பெண்தன்மை கொண்ட ஆண்களான கோதிகளையும் திருநங்கையரையும் அமைப்பாகத் திரட்டியது. 1998இல் தொடங்கிய சகோதரன் அவற்றுள் ஒன்று. இந்த அமைப்புகள் நோயை மட்டுமே கண்டன, மனிதரைக் காணவில்லை என்ற விமர்சனம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. எனினும் அலுவலகம், சம்பளம், கூடிப் பேச ஓர் அறை, காவல் நிலையத்துக்குத் துணைக்கு வர ஓர் ஆள் ஆகியவை அந்த நிதியால்தான் கிடைத்தன.

காவல் நிலையம் அன்று முதன்மையான அச்சம். கடை கடையாகக் காசு கேட்கப் போகும் திருநங்கையை வழியில் நிறுத்துவதும் பொய்வழக்குப் போடுவதும் அன்றாடம். 2006இல் வியாசர்பாடி காவல் நிலையத்தில் விசாரணை என்ற பெயரில் வதைக்கப்பட்ட ஒருவர் தீக்குளித்து இறந்தார். அவருடைய சகோதரி தொடுத்த வழக்கில் 2007இல் சென்னை உயர்நீதிமன்றம் ரூ. 5 லட்சம் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2004இல் வந்த ரேவதியின் 'உணர்வும் உருவமும்', 2007இல் வந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' ஆகிய நூல்களைப் படிப்பவர்கள், தெரு என்பது எத்தனை முனைகளில் குத்தும் என்பதை அறிவார்கள். 2008 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு நாட்டிலேயே முதன்முறையாகத் திருநங்கையர் நலவாரியம் அமைத்தது. அதன் நினைவாக ஏப்ரல் 15 இன்றும் திருநங்கையர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஆக, 2009இல் மெரினாவில் நின்ற திருநங்கைக்கு வாரியம் இருந்தது, ஜமாத் இருந்தது, மேடை அனுபவம் இருந்தது. அருகில் நின்ற தன்பாலீர்ப்பு இளைஞருக்கு இவை எதுவும் இல்லை. சட்டப்படி அவர் குற்றவாளி. அவருடைய தரப்பின் அமைப்பு வரலாறு மிகச் சிறியது: 2003இல் மூவன்பிக் என்ற பெயரில் தொடங்கி 2006இல் ஓரினம் என்று பெயர்மாறிய குழு, ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியும் சந்திப்புகள் நடத்தியும் வந்தது. படித்த, மாதச் சம்பள வாழ்வின் பக்கம் சாய்ந்த வட்டம் அது. இந்த இரு தரப்புக்கும் இடையே வர்க்கமும் சாதியும் மொழியும் குறுக்கே நின்றன.

சேர்ந்து நடந்ததன் பொருள்

சேர்ந்து நடப்பது அந்த இடைவெளியை அழிக்கவில்லை. ஆனால் ஒரு கொடுக்கல் வாங்கலை உண்டாக்கியது. தமிழ் முழக்கமும் பறையும் கொண்ட தமிழகத் தெரு அரசியலின் வடிவம் பேரணிக்குள் வந்தது. நிகழ்வைத் தமிழில் சுயமரியாதைப் பேரணி என்றும் அழைத்தார்கள். பெரும் நிறுவனங்களின் விளம்பர வண்டிகள் முன்செல்லும் மேலைநாட்டு ஊர்வலங்களைவிட, ஊரின் தொழிற்சங்க ஊர்வலத்துக்கே அது நெருக்கமாக இருந்தது. மறுபுறம், தெருவில் ஒருநாள் நிற்பதற்கே என்ன விலை என்பதைத் திருநங்கையரிடமிருந்து மற்றவர்கள் கற்றார்கள். இந்தியாவின் தொடக்ககாலப் பேரணிகளில் முகமூடி அணிந்து நடந்தவர்கள் உண்டு. படம் எடுத்தால் வீட்டிலும் அலுவலகத்திலும் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். முகமூடியோடு வந்ததும் பங்கேற்புதான். அதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

பேரணி சென்னையோடு நிற்கவில்லை. 2012 ஜூலையில் மதுரையில், கோபி சங்கர் நிறுவிய சிருஷ்டி அமைப்பு, கணிதமேதை ஆலன் டூரிங்கின் பெயரால் வானவில் விழா எடுத்தது. ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காத பாலினங்களை முன்னிறுத்தியது அந்த விழாவின் தனித்தன்மை.

2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லித் தீர்ப்பை ரத்துசெய்தது. பாதிக்கப்படுவோர் மிகச் சிறு பகுதியினரே என்பது அது சொன்ன காரணங்களுள் ஒன்று. எண்ணிக்கை சிறிது என்று ஒரு நீதிமன்றம் சொன்னபின், தெருவில் எண்ணிக்கையைக் காட்டுவது ஒரு வாதமாகவே மாறியது. நான்கு மாதம் கழித்து, 2014 ஏப்ரல் 15 அன்று, அதே நீதிமன்றம் திருநரின் பாலின அடையாளத்தை அரசியலமைப்பு உரிமையாக ஏற்றது. 2015 ஏப்ரல் 24 அன்று திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. ஊர்வலத்தில் ஒரே வரிசையில் நடந்த இருவரில் ஒருவர் உரிமையுள்ள குடிமகள், மற்றவர் மீண்டும் குற்றவாளி. இந்த விரிசலைத் தாங்கிக்கொண்டு பேரணி தொடர்ந்ததை அதன் வரலாற்றின் மிகப் பெரிய சாதனையாகக் கருதுகிறேன். பின்னாட்களில் அது மெரினாவை விட்டு எழும்பூர் ராஜரத்தினம் மைதானத்தை ஒட்டிய சாலைகளுக்கு இடம்மாறியது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 377ஐ மீண்டும் தளர்த்தியது.

வீட்டை நோக்கி

அதன்பிறகு வழக்குகளின் முகம் மாறியது. 2019 ஏப்ரலில், இந்துத் திருமணச் சட்டத்தின் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். இடைப்பாலினக் குழந்தைகளுக்குத் தேவையற்ற அறுவை சிகிச்சை செய்வதைத் தடைசெய்யவும் அதே தீர்ப்பு வழிசெய்தது. 2021இல், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இரு பெண்களின் வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தாமே உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டு, ஜூன் 7 அன்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை, காவலர்களுக்குப் பயிற்சி ஆகியவை அதில் அடங்கும். 2022இல் காவலர் நடத்தை விதிகளில் இந்தச் சமூகத்தினரைத் துன்புறுத்தக்கூடாது என்ற விதி சேர்ந்தது.

அந்த இரு பெண்களின் வழக்கில் அச்சம் கிளம்பிய இடம் வீடு. பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, காவல்துறை தேடி வந்தது. 2025 மே மாதத்தில் ஒரு பெண் தன் இணையை அவருடைய குடும்பத்தின் பிடியிலிருந்து மீட்கத் தொடுத்த ஆட்கொணர்வு மனுவிலும் அப்படித்தான். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி அல்ல என்று அதில் எழுதினார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமண உரிமையை மறுத்திருந்த நிலையில் வந்த வரி அது. 1967இல் சுயமரியாதைத் திருமணத்தை, ஏற்கெனவே நடந்தவற்றையும் சேர்த்து, செல்லும் என்று சட்டமாக்கிய மாநிலம் இது. மக்கள் வாழ்ந்து காட்டியதைச் சட்டம் பின்தொடர்ந்த முன்னுதாரணம் இங்கே உண்டு.

அரசின் கை இன்னும் ஒரு பக்கமே நீள்கிறது. 2025 ஜூலை 31 அன்று வெளியான மாநிலக் கொள்கை திருநருக்கானது. நலவாரியம் முதல் அந்தக் கொள்கை வரை பதினேழு ஆண்டுகளும் தெருவில் தெரிந்தவர்களுக்கே அரசு முதலில் பதில் சொல்லியிருக்கிறது. அதுவும் அவர்கள் நெடுங்காலம் அடிபட்ட பிறகு. வீட்டுக்குள் இருக்கும் தன்பாலீர்ப்புப் பெண்ணும், தன் பெயரைச் சொல்லமுடியாத திருநம்பியும் உயர்நீதிமன்றத்தின் படியேறித்தான் தம் இருப்பை ஒவ்வொரு முறையும் நிறுவவேண்டியிருக்கிறது. இவர்களுக்காகக் குடும்ப வன்முறையிலிருந்து காக்கும் தங்குமிடங்களும், தன்பாலீர்ப்பினரையும் உள்ளடக்கும் கொள்கையும், இணையரை ஏற்கும் சட்டமும் இன்று பேரணி எழுப்பவேண்டிய கோரிக்கைகளின் முன்வரிசையில் நிற்கின்றன.