வைத்திய நூல்நிலையமும் காலத்தின் மாற்றமும்

வைத்தியர் ஒருவரின் அறிவு இரு வழிகளால் வளர்வது. நோயாளரைத் தாமே கண்டு, தொட்டு, ஆராய்ந்து பெற்ற அனுபவம் ஒன்று. பிறர் கண்டறிந்து எழுதிவைத்த அனுபவம் மற்றொன்று. முன்னையது ஒரு வாழ்நாளின் எல்லைக்குட்பட்டது. பின்னையதற்கு எல்லையில்லை. ஆயினும், எழுதப்பட்டது வேண்டிய வேளையிலே கைக்கு எட்டாவிடின், அஃது எழுதப்படாததற்கே ஒப்பாகும். எழுதியவருக்கும் தேடுபவருக்கும் இடையே நின்று பாலமாய்ப் பணிபுரிவது வைத்திய நூல்நிலையம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய வைத்திய நூல்நிலையம் இத்தகைய தாபனங்களுள் முதன்மையானது. அதன் வரலாறு வெறும் புத்தகங்களின் வரலாறன்று. எதனைக் கைவிடுவது, எதனைக் காப்பது என்னும் வினாவுக்குத் தலைமுறைதோறும் விடை கண்டவர்களின் வரலாறாகும்.

இந்நூல்நிலையம் மிக எளிய முறையிலே தோன்றியது. 1836ஆம் ஆண்டிலே இராணுவ வைத்தியப் பகுதித் தலைவரின் காரியாலயத்துக்கு வைத்திய நூல்கள் வாங்குவதற்கென 150 டொலர் கோரப்பட்டது. 1840ஆம் ஆண்டிற் கையால் எழுதப்பட்ட முதற் பட்டியலிலே 134 நூற்பெயர்களே காணப்பட்டன. ஓர் அலுமாரியில் அடங்கத்தக்க இச்சிறு தொகுதி உலகப் புகழ் பெறும் என அன்று எவரும் எண்ணியிருத்தல் இயலாது.

அத்தொகுதிக்கு உயிரூட்டியவர் ஜோன் ஷா பில்லிங்ஸ் என்னும் இராணுவ வைத்தியர். அவர் 1838ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலத்திற் பிறந்தவர். 1860ஆம் ஆண்டில் ஒகையோ வைத்தியக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். வலிப்பு நோய்க்குச் செய்யப்படும் சத்திரசிகிச்சை பற்றி அவர் ஆய்வுக் கட்டுரை எழுதவேண்டியிருந்தது. முன்னோர் செய்த சிகிச்சைகளின் பலனைத் திரட்ட முயன்றபோது, அதற்கு எண்ணற்ற ஏடுகளைப் புரட்ட வேண்டுமென்பதையும், அவ்வேடுகள் யாவும் நாட்டின் எந்த ஒரு நூல்நிலையத்திலேனும் ஒருங்கே இல்லை என்பதையும் அவர் கண்டார். இளமையில் அடைந்த அந்த இடர்ப்பாடே அவருடைய வாழ்நாட் பணிக்கு வித்தாயிற்று.

உள்நாட்டு யுத்தம் 1865ஆம் ஆண்டில் முடிந்தது. இராணுவ வைத்தியசாலைகளில் எஞ்சியிருந்த நிதி, ஏறக்குறைய 80,000 டொலர், நூல்நிலையத்தின் தேவைக்கு வந்து சேர்ந்தது. நூல்நிலையப் பொறுப்பை ஏற்றிருந்த பில்லிங்ஸ் அப்பணத்தைக்கொண்டு நூல் வாங்கியதோடு அமையவில்லை. நாடெங்கும் பிற நாடுகளிலுமுள்ள வைத்தியர்களுக்கும் சங்கங்களுக்கும் கடிதங்கள் எழுதினார்; மிகையான பிரதிகளைக் கொடுத்து இல்லாதவற்றைப் பெற்றார். ஈராயிரத்துச் சொச்சமாயிருந்த நூற்றொகை, அவர் 1895ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றபோது ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

இடையிலே நூல்நிலையம் குடியிருந்த கட்டடமும் வரலாற்றுத் தொடர்புடையது. ஆபிரகாம் லிங்கன் 1865ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14ஆந் தேதி சுடப்பட்ட போர்ட் நாடகசாலையே அது. 1866ஆம் ஆண்டு அங்கு குடிபுகுந்த நூல்நிலையம், 1887ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரின் மத்தியிலே கட்டப்பட்ட புதிய மனைக்கு மாறியது. ஆறு ஆண்டுகளின் பின்னர் அப்பழைய நாடகசாலையின் உட்பகுதி இடிந்து விழ, அங்கு பணிபுரிந்த இலிகிதர்களுள் 22 பேர் மாண்டனர். நூல்களைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசேர்த்தலும் தலைமைப் பணியின் ஒரு கூறென்பதை அவ்விபத்து உணர்த்திற்று.

நூல்களைக் குவித்தல் மட்டும் போதாது. குவித்தவற்றுள் வேண்டியதைக் காணவும் வழி வேண்டும். பில்லிங்ஸ் அன்றாடம் வந்த சஞ்சிகைகளை மாலையில் வீட்டுக்கு எடுத்துச் சென்று, குறிக்கத்தக்க கட்டுரைகளுக்கு அடையாளமிடுவார். இலிகிதர் அவற்றைச் சீட்டுகளிற் பெயர்த்தெழுதுவர். இவ்வாறு திரண்ட சீட்டுகளிலிருந்து 1880ஆம் ஆண்டு முதல் ‘இன்டெக்ஸ் கற்றலொக்’ என்னும் பெரும் பட்டியல் வெளிவரலாயிற்று. முதல் வரிசை 1895ஆம் ஆண்டில் 16 பாகங்களோடு நிறைவெய்தியது. அதற்கு முந்திய 1879ஆம் ஆண்டிலேயே, இங்கிலாந்திற் பிறந்த வைத்தியர் றொபேட் பிளெச்சரின் துணையுடன், ‘இன்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்னும் மாதச் சுட்டியும் தொடங்கப்பட்டது. பெரும் பட்டியல் பழையனவற்றுக்கு வழிகாட்டிற்று. மாதச் சுட்டி புதியனவற்றை அறிவித்தது. வைத்தியத்துறைக்கு அமெரிக்கா வழங்கிய கொடைகளுள் இந்நூல்நிலையத்தையும் அதன் பட்டியலையுமே தலையாயவை என வில்லியம் வெல்ச் என்னும் பேரறிஞர் பிற்காலத்திற் போற்றினார்.

பில்லிங்ஸ் சென்ற பின்னர் நூல்நிலையம் தளர்ந்தது. இராணுவ அதிகாரிகள் சில ஆண்டுகளே தலைமை தாங்கி வேறு பதவிகளுக்கு மாறிச் சென்றனர். பணமும் இடமும் போதவில்லை. இந்நிலையை மறைக்க முயலாது, வெளியாரை அழைத்து ஆராயச் செய்தவர் கேணல் ஹரல்ட் ஜோன்ஸ். றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் நூலக நிபுணர் குழுவொன்று ஆய்வு நடத்தி 1944ஆம் ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்தது. சேகரிப்பிலும் பட்டியலிலும் நிருவாகத்திலும் கண்ட குறைகளை அது ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தது. தம் தாபனத்தின் குறையைத் தாமே கேட்டறிந்து கொள்ளும் துணிவு எல்லாத் தலைவர்க்கும் வாய்ப்பதன்று.

அவ்வறிக்கை காட்டிய வழியிற் சென்றவர் பிராங்க் பிராட்வே றொஜர்ஸ். வைத்தியராகிய அவர், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் நூலகக் கல்வியையும் முறையாகப் பயின்று, 1949ஆம் ஆண்டிலே தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவர்முன் நின்ற கடினமான வினா, பில்லிங்ஸ் விட்டுச்சென்ற பெரும் பட்டியலையே பற்றியது. அஃது அகர வரிசையிலே பாகம் பாகமாக வெளிவந்தது. ஒரு வரிசை முடிவுறப் பல ஆண்டுகள் சென்றன. ஓர் எழுத்துக்குரிய பாகம் அச்சேறிய மறுநாள் வெளியான கட்டுரை, அடுத்த வரிசையில் அவ்வெழுத்து வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. 1936ஆம் ஆண்டு தொடங்கிய நான்காம் வரிசை, 1955ஆம் ஆண்டிலும் ‘எம்’ என்னும் எழுத்தைக் கடக்கவில்லை. அச்சேறாத சீட்டுகளோ இலட்சக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. வைத்தியக் கட்டுரைகள் பெருகிய வேகத்துக்குப் பழைய முறை ஈடுகொடுக்கவில்லை. உலகம் போற்றிய அப்பட்டியலை நிறுத்துவதென றொஜர்ஸ் முடிவு செய்தார். எதிர்ப்பு எழாமலில்லை. ஆனால், தாபனத்தின் பெருமை வேறு, வாசகரின் தேவை வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

தாபனத்தின் அமைப்பும் மாறவேண்டியிருந்தது. நாடு முழுவதற்கும் பணிபுரியும் நூல்நிலையம் இராணுவத்தின் வரவு செலவுத் திட்டத்திலே ஒரு சிறு கூறாய் நிற்றல் பொருந்தாது. செனட் சபை உறுப்பினர்களான லிஸ்டர் ஹில்லும் ஜோன் கென்னடியும் 1956ஆம் ஆண்டிலே இதற்கெனச் சட்டமூலம் கொணர்ந்தனர். ஹில் ஒரு சத்திரவைத்தியரின் மைந்தர். கிருமிநீக்கச் சத்திரசிகிச்சையின் தந்தையாகிய ஜோசப் லிஸ்டரின் பெயரே அவருக்கு இடப்பட்டிருந்தது. நூல்நிலையத்தைச் சிக்காகோ நகருக்கு மாற்றவேண்டுமென்ற வாதமும் அப்போது வலுத்தெழுந்தது. ஈற்றில் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலே ஜனாதிபதி ஐசன்ஹோவர் சட்டத்திற் கைச்சாத்திட, தேசிய வைத்திய நூல்நிலையம் பொதுச் சுகாதார சேவையின்கீழ் அமைந்தது. வாஷிங்டனை அடுத்த பெதெஸ்டாவில் அதற்கென எழுப்பிய மனை 1961ஆம் ஆண்டு திசம்பரில் அர்ப்பணிக்கப்பட்டது.

இயந்திரம் புகுந்த முறையும் நோக்கத்தக்கது. றொஜர்ஸ் முதலிற் கணனியை வாங்கவில்லை, சொற்களை ஒழுங்குபடுத்தினார். ஒரே நோயை ஒருவர் ஒரு பெயராலும் மற்றொருவர் வேறொரு பெயராலும் எழுதுவர். இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ்க் கொணராவிடில் எந்த இயந்திரமும் பயன்தராது. ஆதலின் 1960ஆம் ஆண்டிலே வைத்தியப் பொருட்டலைப்புகளின் தொகுதி வெளியிடப்பட்டது. அதன் பின்னரே ‘மெட்லார்ஸ்’ என்னும் கணனி முறை அமைக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு சனவரியில் இயங்கத் தொடங்கியது. மாதச் சுட்டியின் அச்சுக்கோப்பையும் வைத்தியரின் தனிப்பட்ட வினாக்களுக்கான தேடலையும் அஃது ஒருங்கே ஆற்றியது.

இவ்விடத்து ஒரு பொருத்தத்தைக் காணலாம். சனத்தொகைக் கணக்கைத் துளையிட்ட அட்டைகளால் இயந்திரத்திற் கணிக்கலாம் என்னும் கருத்தை ஹேர்மன் ஹொலெரித் என்னும் பொறியியலாளருக்கு எடுத்துக் கூறியவர் பில்லிங்ஸ். ஹொலெரித்தின் இயந்திரம் 1890ஆம் ஆண்டுக் குடிமதிப்பிற் பயன்பட்டது; அவர் நிறுவிய கம்பெனி, பிறவற்றோடு இணைந்து, 1924ஆம் ஆண்டில் ஐ.பி.எம். எனப் பெயர் பெற்றது. கணனி யுகத்துக்குப் பாதை வகுத்தோருள் நூலகர் ஒருவரும் இருந்தார்.

புதிய இயந்திரத்தைப் புகழ்வதோடு அத்தாபனம் நின்றுவிடவில்லை. 1964ஆம் ஆண்டிலே தலைமையேற்ற மாட்டின் கமிங்ஸின் காலத்தில், மெட்லார்ஸ் எவ்வளவுக்குப் பயன் தருகின்றது என லங்காஸ்டர் என்பவர் ஏறக்குறைய 300 தேடல்களை ஆராய்ந்தார். கிடைத்திருக்க வேண்டிய கட்டுரைகளுள் சராசரி நூற்றுக்கு 58 வீதமே கிடைத்தன. கிடைத்தவற்றுள்ளும் ஏறக்குறையப் பாதியே பொருத்தமானவை. ஆயின், கணனியின் பிழையால் விளைந்த தவறு மிக அற்பம். சுட்டியிடுவோர் விட்ட குறையும், தேடலை வகுத்தோர் விட்ட குறையும், வைத்தியரின் உண்மையான தேவையைக் கேட்டறியாத குறையுமே பெரும் காரணங்களாய் இருந்தன. இயந்திரம் வந்தபின் பயிற்சி பெற்ற நூலகரின் தேவை குன்றவில்லை, பெருகியது. 1965ஆம் ஆண்டின் வைத்திய நூல்நிலைய உதவிச் சட்டம், நூலகர் பயிற்சிக்கும் பிரதேச நூல்நிலையங்களுக்கும் நிதி வழங்கியமை காலத்துக்கேற்ற செயலாகும்.

தொடக்கத்தில் ஒரு வினாவுக்கு விடை வரச் சில வாரங்கள் சென்றன. 1971ஆம் ஆண்டிலே ‘மெட்லைன்’ தோன்றியதும், தொலைபேசிக் கம்பிவழியே சில நிமிடங்களில் விடை கிடைத்தது. 1997ஆம் ஆண்டில் ‘பப்மெட்’ என்னும் பெயரால் அச்சேவை கட்டணமின்றி யாவருக்கும் திறந்துவிடப்பட்டது. இன்று அதிலுள்ள குறிப்புகள் மூன்றரைக் கோடிக்கு மேற்பட்டவை. பில்லிங்ஸ் தொடங்கிய மாதச் சுட்டியின் அச்சுப் பதிப்பு, 2004ஆம் ஆண்டின் இறுதியிலே ஓய்வு பெற்றது.

யாவரும் தாமே தேடலாமெனின் நூலகர் எதற்கு என்னும் ஐயம் பல வைத்தியசாலைகளின் நிருவாகிகளுக்கு எழுந்தது. சில இடங்களில் நூல்நிலையங்கள் மூடவும் பட்டன. ஆனால், ஆயிரம் கட்டுரைகளைக் கண்ணெதிரே குவித்தல் வேறு. அவற்றுள் நம்பத்தக்கவற்றைத் தெரிதல் வேறு. ஒரு சிகிச்சை பற்றிய சான்றுகள் யாவற்றையும் திரட்டி மதிப்பிடும் ஆய்வுகளிலே தேடலை வகுத்துக் கொடுப்பவராக இன்று நூலகர் அமர்கின்றார். வினாவுக்கு வாக்கியமாகவே விடை கூறும் கணனிகள் தோன்றியுள்ள இந்நாளில், அவ்விடைக்குச் சான்று யாது என்று கேட்கும் கடமையும் அவரைச் சார்ந்ததே.

நாடகசாலையிலிருந்து புதிய மனைக்கும், இராணுவத்திலிருந்து பொதுச் சேவைக்கும், சீட்டிலிருந்து கணனிக்கும் இந்நூல்நிலையம் பல முறை மாறியது. மாறாது நின்றது ஒன்றே. எங்கோ ஒரு வைத்தியர் ஒரு நோயாளியின் பொருட்டு வினாவொன்றை எழுப்புகின்றார். அதற்குரிய விடை, வேறெங்கோ ஒருவரால் முன்னரே எழுதப்பட்டிருத்தல் கூடும். அவ்விருவரையும் காலந் தாழ்த்தாது ஒன்றுசேர்த்தலே வைத்திய நூலகரின் பணி. அப்பணிக்கு உதவும் மாற்றத்தை ஏற்பதும், உதவாத பழமையை மரியாதையுடன் விடுவதுமே அத்துறையில் தலைமை தாங்குவோர்க்கு அழகாகும்.