1732 மீட்டர் நாட்டுப்புறம்: ஐந்தாம் தலைமுறைத் தரநிலையும் லூமுட்டின் செம்பனைத் தோட்டங்களும்

ஐந்தாம் தலைமுறை என்று உரிமை கோரும் எந்தக் கம்பியில்லாத் தொழில்நுட்பமும் எந்தெந்தச் சூழல்களில் சோதிக்கப்பட வேண்டும் என்பதைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் எம்.2412 அறிக்கை 2017-இல் வகுத்தது. அச்சூழல்களுள் ஒன்று நாட்டுப்புறம். அதன் முதல் இரண்டு அமைப்புகளில் கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே உள்ள தூரம் 1732 மீட்டர். எந்த ஊரையும் அளந்து இந்த எண்ணைக் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்துக்கு 1000 மீட்டர் உள்ள அறுகோணங்களை ஒட்டி அடுக்கினால் அவற்றின் நடுப்புள்ளிகள் அவ்வளவு தள்ளி அமையும், அவ்வளவுதான். நான்காம் தலைமுறைக்கான கணினிச் சோதனைகளிலும் இதே எண் புழங்கியது. கேள்வியின்றி அடுத்த தலைமுறைக்கும் வந்து சேர்ந்தது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து ஸ்ரீ இஸ்கண்டார் வழியாக லூமுட் போகும் சாலையில் ஒருமுறை செம்பனைக்குள் வண்டியைத் திருப்பியவருக்கு, 1732 மீட்டருக்கு ஒரு கோபுரம் என்பது எவ்வளவு தாராளமான கற்பனை என்று விளக்க வேண்டியதில்லை.

தொலைத்தொடர்புத் துறையின் ஒத்துழைப்பைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அதன் விளைபொருளாகத் தொழில்நுட்பத்தையே காண்கின்றன. பல நிறுவனங்கள் கூடுகின்றன, காப்புரிமைகளை மேசையில் வைக்கின்றன, ஒரு தரநிலை பிறக்கிறது. இக்கட்டுரை அதற்கு ஒரு படி முன்னே போகிறது. அந்த மேசையில் முதலில் முடிவாவது அளவுகோல். தொழில்நுட்பம் அந்த அளவுகோலுக்குத் தேர்ச்சி பெறும் வகையில் பின்னர் உருவாகிறது. ஆகவே அளவுகோலை எழுதும் இடத்தில் இல்லாத ஒரு நிலப்பரப்பு, பிறகு எவ்வளவு பணம் செலவழித்தாலும் விதிவிலக்காகவே நடத்தப்படும். பேராக்கின் பழைய ரப்பர் தோட்டப் பகுதிகள் அப்படிப்பட்ட நிலப்பரப்பு.

முதலில் மேசையைப் பார்ப்போம். கைப்பேசித் தொழில்நுட்பத்தின் தரநிலைகளை எழுதும், 1998 டிசம்பரில் தொடங்கிய 3ஜிபிபி என்னும் கூட்டமைப்பில் இன்று ஏழு தரநிலை அமைப்புகள் பங்காளிகள்: ஐரோப்பா, அமெரிக்கா, சீனா, கொரியா, இந்தியா ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, ஜப்பானுக்கு இரண்டு. ஒரு நிறுவனம் இவற்றுள் ஒன்றின் வழியாகத்தான் உள்ளே வர முடியும். முடிவுகள் பொது இணக்கத்தால் எடுக்கப்படுகின்றன. இணக்கம் வராவிட்டால் வாக்கெடுப்பில் 71 விழுக்காடு வேண்டும். நடைமுறையில் இணக்கம் என்பது, ஒவ்வொரு கூட்டத்துக்கும் பொறியாளர்களையும் ஆய்வுத்தாள்களையும் அனுப்பிக்கொண்டே இருக்கும் வலு யாரிடம் இருக்கிறதோ அவர்கள் பக்கம் சாயும். உவாவே, எரிக்சன், நோக்கியா, குவால்காம், சாம்சங் போன்றவை அந்த வலு உள்ளவை. இதைச் சூழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆயினும் ஸ்டாக்ஹோமின் புறநகரையோ சியோலின் நெடுஞ்சாலையையோ மனத்தில் வைத்து எழுதும் பொறியாளருக்குப் பனைமட்டைகளின் அடியில் நிற்கும் கைப்பேசி தானாக நினைவுக்கு வராது.

சோதனைச் சூழல்களை வகுக்கும் ஒன்றியத்தின் மேசையில் நாட்டுப்புறத்தின் அளவு ஒருமுறை மாறியதுண்டு. அதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 1990-களில் கோர்டெக்ட் என்னும் மலிவான கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கிய சென்னை ஐஐடியின் மரபில் வந்த ஆய்வாளர்கள், அங்குள்ள கம்பியில்லாத் தொழில்நுட்பச் சிறப்பு மையம், ஐதராபாத் ஐஐடி ஆகியோர் இந்தியத் தரநிலை அமைப்பின் வழியே ஒரு வாதத்தை முன்வைத்தனர். இந்தியாவில் கோபுரம் ஊராட்சியின் நடுவில் நிற்கும். அடுத்த கோபுரம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். இடையில் நடந்தோ மிதிவண்டியிலோ போகிறவர்களே மிகுதி. எனவே மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத் தொடர்வண்டியைச் சோதிக்கும் தரநிலை, மெல்ல நகரும் மக்களையும் பரந்த வட்டத்தையும் சோதித்தாக வேண்டும். எம்.2412 அறிக்கையில் மூன்றாவது நாட்டுப்புற அமைப்பு இவ்வாறுதான் சேர்ந்தது: 700 மெகாஹெர்ட்சில் கோபுர இடைவெளி 6000 மீட்டர்.

இந்த வெற்றியின் அளவையும் நேர்மையாகக் கணக்கிட வேண்டும். துணை அறிக்கையான எம்.2410-இல், பரந்த வட்டச் சூழலுக்குச் சராசரி அலைக்கற்றைத் திறனின் இலக்கு பொருந்தும். மிக மோசமான இணைப்பைப் பெறும் 5 விழுக்காட்டுப் பயனர்க்கான இலக்கு மட்டும் பொருந்தாது என்று விலக்கு அளிக்கப்பட்டது. தொலைவை ஏற்றுக்கொண்டார்கள், தொலைவின் ஓரத்தில் நிற்பவரை ஏற்கவில்லை. பேரம் முடிந்த இடம் அது.

பின்னர் இந்தியா 5ஜிஐ என்று தனித் தரநிலையையே முன்வைத்தது. கைப்பேசியின் திறன் அதிகபட்சம் ஏறத்தாழ 200 மில்லிவாட். கோபுரமோ பல பத்து வாட்டில் பேசுகிறது. நாட்டுப்புறத்தில் முதலில் அறுபடுவது கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்குப் போகும் குரல். அதை வலுப்படுத்தும் ஒரு பண்பேற்ற முறையை 3ஜிபிபி விருப்பத்தேர்வாக வைத்திருந்தது, 5ஜிஐ கட்டாயமாக்கியது. 2021-இல் ஒன்றியம் இதையும் தன் பரிந்துரையில் சேர்த்தது. ஆனால் உள்நாட்டு நிறுவனங்களே எதிர்த்தன: தனித் தரநிலை என்றால் தனிக் கருவி, தனி விலை. அவ்வாண்டு இறுதியில் 5ஜிஐ-யை 3ஜிபிபியின் 17-ஆம் வெளியீட்டில் இணைப்பதென்று உடன்பாடு ஆனது. இதைத் தோல்வி என்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. உலகம் முழுதும் ஒரே சில்லு என்பதால்தான் தோட்டத் தொழிலாளி கையிலும் மலிவான கைப்பேசி இருக்கிறது. பிரிந்து போவதாக மிரட்டி, மிரட்டலின் விலையாகத் தன் தேவையைப் பொதுத் தரநிலையில் சேர்த்துக்கொண்டு உள்ளே திரும்புவது, பிந்தி வந்தவர்களுக்குக் கிடைக்கும் ஒரு பேர வழி.

மலேசியா வேறு வகை ஒத்துழைப்பைத் தேர்ந்தது. தரநிலையை உலகத்திடமிருந்து பெற்றுக்கொண்டு, வலையமைப்பைப் பகிர்வதில் தன் ஆற்றலைச் செலவிட்டது. 2021-இல் நிதியமைச்சின் கீழ் அமைந்த டிஜிட்டல் நேஷனல் நிறுவனம், ஏறத்தாழ 1100 கோடி ரிங்கிட் மதிப்பில் பத்தாண்டுக்கு எரிக்சனைத் தேர்ந்தெடுத்தது. ஒரே வலையமைப்பு, பல விற்பனையாளர்கள். இத்தகைய பகிர்வுக்கான தொழில்நுட்ப வரையறையும் 3ஜிபிபியின் 6-ஆம் வெளியீட்டில் பிறந்ததுதான். 2021 டிசம்பர் 15-இல் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயா பகுதிகளில் சேவை தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் கட்டணத்தையும் ஏகபோகத்தையும் காட்டித் தயங்கின. அவற்றுள் பலவற்றோடு 2022 அக்டோபர் இறுதி வரை இழுபறி நீடித்தது. 2023 மே மாதத்தில் இரட்டை வலையமைப்பு அறிவிப்பு, டிசம்பரில் டிஜிட்டல் நேஷனலின் பங்குகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வாங்கும் ஒப்பந்தங்கள், 2024 நவம்பரில் இரண்டாம் வலையமைப்புக்கு யூ மொபைல் நிறுவனம் தேர்வு. அரசியல் விவாதம் முழுவதும் வலையமைப்பு யாருக்குச் சொந்தம் என்பதையே சுற்றி வந்தது. அளவுகோலைப் பற்றி யாரும் சண்டையிடவில்லை.

மலேசியாவில் அந்த அளவுகோல், மக்கள் வாழும் பகுதிகளில் 80 விழுக்காட்டுக்கு 5ஜி சேவை என்பது. 2023 இறுதியில் அது எட்டப்பட்டது. அதற்கு முன் ஜெண்டேலா என்னும் அரசின் இணைப்பு விரிவாக்கத் திட்டம் 4ஜி-க்கும் மக்கள் வாழும் பகுதிகளையே கணக்கிட்டு, 91.8-இலிருந்து 96.9 விழுக்காட்டை இலக்காக வைத்தது. இரண்டிலும் சாதனை மெய்யானது. ஆனால் கணக்கில் வருவது வசிக்கும் இடம். உழைக்கும் இடம் இல்லை.

லூமுட்டில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். கடற்படைத் தளம், பங்கோருக்குப் படகு செல்லும் துறை, சித்தியவான் வரை தொடரும் தாமான்கள் என்னும் குடியிருப்புகள்: இவை எல்லாம் வாழும் பகுதிகள். ஆயர் தாவார், பந்தாய் ரெமிஸ் பக்கம் விரியும் செம்பனையோ வேறு கதை. ரப்பர் காலத்தில் தொழிலாளர் லயன் வீடுகள் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன; பால்மரமும் குடியிருப்பும் ஒரே நிலம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் கைமாறியபோதும் தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் வெளியேறித் தாமான்களுக்கும் பட்டணங்களுக்கும் வந்தன. வாழும் பகுதி என்ற வரையறையிலிருந்து தோட்டத்தின் உட்பகுதி நழுவியதற்கு இந்த வரலாறும் காரணம். குலை வெட்டுபவரும் மேற்பார்வையாளரும் லாரி ஓட்டுநரும் இன்றும் அங்கேதான் பகல் முழுதும் இருக்கிறார்கள். விபத்து நேர்ந்தால் அழைப்பு அங்கிருந்துதான் போக வேண்டும். வரைபடத்தில் அவர்கள் இரவில் தூங்கும் வீடு மட்டும் நிறம் பெறுகிறது. இரண்டாம் வலையமைப்பும் இதே அளவுகோலால் அளக்கப்பட்டால், இரண்டு நிறுவனங்கள் ஒரே தாமானுக்கு இரண்டு கோபுரங்கள் நடுவதே மிச்சம்.

ஒரு மறுப்பு எழும்: சிறிய நாடு தரநிலை மேசையில் என்ன செய்துவிட முடியும்? 3ஜிபிபியில் மலேசியாவுக்குத் தனிப் பங்காளி அமைப்பு இல்லை என்பது மெய். ஆனால் 6000 மீட்டர் முதலில் நுழைந்தது ஒன்றியத்தின் வாயிலாக. அங்கே மலேசியா உறுப்பு நாடு. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மலேசியத் தொழில்நுட்பத் தரநிலை மன்றமும், தொடர்பு பல்லூடக ஆணையமும் இருக்கின்றன. செம்பனைக்குள் அலைகள் எப்படித் தேய்கின்றன என்று அளந்த ஆய்வுகள் மலேசியப் பல்கலைக்கழகங்களில் நடந்துள்ளன; தாவரங்களால் ஏற்படும் இழப்பைக் கணிக்க ஒன்றியத்திடமே பி.833 என்னும் பரிந்துரை உண்டு. பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஈப்போ–லூமுட் சாலையிலேயே இருக்கிறது.

ஆறாம் தலைமுறைக்கான சட்டகத்தை ஒன்றியம் 2023-இல் ஏற்றது. செயல்திறன் தேவைகளும் மதிப்பீட்டு நெறிகளும் 2026-ஐ ஒட்டி முடிவாக வேண்டும் என்பது அதன் கால அட்டவணை. தொழில்நுட்ப முன்மொழிவுகள் அதற்குப் பிறகுதான் வரும். மலேசியா அனுப்ப வேண்டிய தாள் நீளமாக இருக்கத் தேவையில்லை. கோபுர இடைவெளி சில கிலோமீட்டர், 700 மெகாஹெர்ட்ஸ், எக்டருக்கு ஏறத்தாழ 140 செம்பனை, மட்டைகளின் நிழலில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கைப்பேசி. இவற்றோடு, 2017-இல் விலக்கிவிட்ட கடைசி 5 விழுக்காட்டின் இலக்கை இந்தச் சூழலுக்கும் கட்டாயமாக்கும் ஒரு வரி.