அரசி காணாத கடிகாரம்

மணிக்கூடு திருத்தக் கொடுத்தவர்களுக்கு ‘அடுத்த கிழமை வாருங்கள்’ என்ற வார்த்தை புதிதல்ல. வரலாற்றில் அந்த அடுத்த கிழமை 44 வருடங்களாக நீண்டதுமுண்டு.

1783இல் பிரெஞ்சு அரசி மேரி அன்டனெட்டுக்கென ஒரு கடிகாரம் செய்யும் பணி பரிஸ் நகரக் கைவினைஞர் ஆபிரஹாம் லூயி பிரெகேயிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்று அறியப்பட்டிருந்த நுட்பங்கள் யாவும் அதில் அமைய வேண்டும். இயன்ற இடமெல்லாம் பொன்னே பயன்பட வேண்டும். செலவுக்கும் காலத்துக்கும் வரையறையில்லை. நிரந்தர நாட்காட்டி, மணியையும் நிமிடத்தையும் ஒலித்துச் சொல்லும் பொறி, வெப்பமானி, அசைவினால் தானே முறுக்கேறும் அமைப்பு என எண்ணூறுக்கு மேற்பட்ட உறுப்புகள் அதற்குத் தேவைப்பட்டன.

1789இல் புரட்சி வெடித்தது. 1793 ஒக்டோபரில் அரசி சிரச்சேதம் செய்யப்பட்டார். நாட்டைவிட்டு வெளியேறிய பிரெகே 1795இல் திரும்பினார். வேலை தடைப்பட்டது, ஆனால் கைவிடப்படவில்லை. 1823இல் அவரும் காலமானார். 1827இல், மகனின் காலத்தில், பட்டறை அதனை முடித்தது.

பின்னாளில் ஜெரூசலத்தின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தை அது வந்தடைந்தது. 1983இல் அங்கிருந்து களவாடப்பட்டு, இருபது வருடங்களுக்கு மேல் கழிந்தே மீண்டது.

காத்திருப்பவரின் பொறுமையையே நாம் பேசுகிறோம். இங்கு பொறுத்திருந்தவர் செய்தவர். பெறுபவர் இல்லாத பின்னும் ஏற்ற வேலையைச் செம்மையாக முடித்துவைப்பதை நம்மவர் மொழியில் அமானிதம் பேணல் என்போம்.