தனி அடுப்பு

நான் வட்ட வழங்கல் அலுவலகத்தில் இருந்த காலத்தில் குடும்பம் என்றால் அடுப்புதான். அண்ணனும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் தனிச் சமையல் என்றால் தனி ரேஷன் கார்டு. அதைச் சரிபார்க்க வீட்டுக்கே போவோம். நாங்கள் வருகிற சேதி முன்பே எட்டிவிடும். தாழ்வாரத்தில் புது அடுப்பு ஒன்று உட்கார்ந்திருக்கும். நான் அடுப்பைப் பார்க்கமாட்டேன், அதற்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பேன். கரி படிந்திருக்காது.

1997-ல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்துப் பொது விநியோகத்தைப் பிரித்தது. தமிழ்நாடு எல்லோருக்கும் என்றே நின்றது. அதனால் இங்கே ‘எவ்வளவு ஏழை’ என்று யாரையும் குடையவில்லை. ‘எத்தனை பேர்’ என்பதுதான் தகராறு. பெரியவருக்கு ஒரு யூனிட், பிள்ளைக்கு அரை யூனிட். கல்யாணமாகிப் போன பெண் தாய்வீட்டுக் கார்டில் பெயர் நீக்கிச் சான்று கொண்டுவந்தால்தான் புகுந்த வீட்டில் சேர்ப்போம். செத்தவர் பெயரை நீக்க மட்டும் யாரும் வலிய வரமாட்டார்கள். கேஸ் வாங்கினால் கார்டில் முத்திரை விழும், மண்ணெண்ணெய் குறையும். அதை மறைக்கவும் ஆளுண்டு.

2005-ல் கொடுத்த கார்டுக்குப் பிற்பாடு வருஷாவருஷம் உள்தாள் ஒட்டியே காலம் தள்ளினோம். 2017-ல் ஸ்மார்ட் கார்டு, 2020-ல் கைரேகை. உழைத்து ரேகை தேய்ந்த கிழவிகளை இயந்திரம் ஏற்கவில்லை. கடைக்கு வரமுடியாதவர்களுக்காக வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் ஒன்று வந்தது. மறுபடியும் காகிதம்.