பெற்றோரின் வன்முறையும் பிள்ளைகளின் பிற்கால உறவுகளும்

தந்தை தாயை அடிப்பதைப் பார்த்தோ, மூடிய கதவுக்கு அப்பாலிருந்து கேட்டோ வளரும் பிள்ளைகளிடம் அதன் பாதிப்பு பின்னாளில் காதலிலும் மணவாழ்விலும் தலைதூக்குவதுண்டு. இதை வன்முறையின் தலைமுறைத் தொடர்ச்சி என்பர். தன்மேல் ஓர் அடிகூட விழாத பிள்ளையையும் இது விடுவதில்லை.

இந்தியாவில் இதற்கான சான்று தேசியக் குடும்பநல ஆய்வில் இருக்கிறது. உங்கள் அப்பா அம்மாவை அடித்ததுண்டா என்று அதில் பெண்களிடம் கேட்கிறார்கள். 2005-06 சுற்றில், உண்டு என்றவர்கள் கணவரின் வன்முறைக்கு ஆளான விகிதம், இல்லை என்றவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. 2019-21 சுற்றில், மணமான பெண்களில் கணவரின் வன்முறையை அனுபவித்தோர் நாட்டளவில் 29 விழுக்காடு, தமிழ்நாட்டில் 38. அந்த வீடுகளில் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பெரியவர் பொம்மையை அடிப்பதைக் கண்ட குழந்தைகள் தாமும் அப்படியே அடித்ததை, உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடத்தி 1961இல் வெளியிட்ட சோதனை காட்டியது. ஆனால் பார்த்துப் பழகுவது பாதிக் கதைதான். மீதி, அச்சம். இரவில் கேட் திறக்கும் ஓசையை வைத்தே அப்பா எந்த நிலையில் வருகிறார் என்று கணிக்கப் பழகிய சிறுமி, வளர்ந்தபின் கணவன் சாப்பாட்டுத் தட்டைச் சற்று ஓங்கி வைத்தாலே, என்ன தவறென்று தெரியாமல் மன்னிப்புக் கேட்கிறாள். அப்பாவைப்போல் ஆகமாட்டேன் என்று உறுதி பூண்ட மகன், சிறு சண்டைக்கும் பேச்சை நிறுத்திக்கொண்டு நாள்கணக்கில் ஒதுங்கிவிடுகிறான். ஒருவர் இணையை விடாமல் சந்தேகிக்கிறார். இன்னொருவர் யாரையும் நெருங்கவே விடுவதில்லை. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்ற பழமொழி, அன்பும் அடியும் ஒரே கையிலிருந்துதான் வரும் என்று பிள்ளையை நம்பவைக்கிறது. நம் வீடுகளில் அது செய்திருக்கும் கேடு கொஞ்சமல்ல.

இருந்தும் இது தலையெழுத்து இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து ஆய்வாளர் சாண்ட்ரா ஸ்டித் குழுவினர் 2000இல் வெளியிட்ட கட்டுரை, இந்தத் தொடர்பு வலுக்குறைந்தது முதல் நடுத்தரம் வரையிலானது என்றே கண்டது. ஆகவே வரன் பார்க்கும் இடத்தில் 'அப்பன் புத்திதானே மகனுக்கும்' என்று தள்ளுவது அநியாயம். பாட்டியோ மாமாவோ ஆசிரியரோ, நம்பிச் சொல்லி அழ ஒருவர் இருந்த பிள்ளைகள் மீண்டு வருவது எளிதாகிறது. உளநல ஆலோசனை பெரியவர்களான பிறகும் உதவும்.

பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்கள் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகின்றன. பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் நீங்களும் அழைக்கலாம்.