மறதியின் உருவம் கண்ட வரலாறு

முதுமையும் மறதியும் உடன்பிறந்தவை என்றே மக்கள் நெடுங்காலம் எண்ணி வந்தனர். பெற்ற மகனையே நோக்கி “நீ யாரப்பா?” என்று தாய் வினவினால், ‘வயதாகிவிட்டது’ என்று கூறி அமைவது இன்றும் நம் இல்லங்களில் உள்ள வழக்கமன்றோ? அத்தகைய மறதி முதுமையின் இயல்பன்று, மூளையைப் பற்றும் நோயே என்பதை உலகம் மிக மெதுவாகவே உணர்ந்தது.

1901 நவம்பரில், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் அகுஸ்தே டேட்டர் என்னும் 51 வயது மாது சேர்க்கப்பட்டார். பெயரை எழுதுமாறு மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் கேட்டபோது, தொடங்கியதை முடிக்க அவரால் இயலவில்லை. 1906 ஏப்ரலில் அம்மாது இறந்தபின், அவருடைய மூளையை அல்சைமர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். உயிரணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டான படிவுகளும், உள்ளே முறுக்குண்ட இழைகளும் காணப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் டூபிங்கனில் கூடிய மருத்துவர் அவையில் இதனை எடுத்துரைத்தார். அவையினர் ஒரு வினாவும் எழுப்பவில்லை! நான்காண்டுகள் கழித்து, கிரேப்பலின் தம் மனநோய் நூலில் இந்நோய்க்கு அவர் பெயரையே இட்டார்.

அதன் பின்னரும் ஒரு பெருங்குறை நீடித்தது. நோயை ஐயமற உறுதி செய்ய வேண்டுமாயின் நோயாளி இறந்தாக வேண்டும். ‘அமிலாய்ட்’ எனப்படும் அப்படிவில் சென்று ஒட்டும் பொருளொன்றை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் ஆக்கினர். அதில் கதிர்வீசும் கார்பனைப் பொருத்தினர். 2002இல் சுவீடனின் உப்சாலாவில் அதனை நோயாளியின் உடலிற் செலுத்தி, ‘பெட்’ கருவியால் படமெடுத்தனர். உயிருள்ள மனிதரின் மூளையில் அப்படிவு புலனாயிற்று.

இனி, மரபுவழிக்கு வருவோம். கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைநாட்டுக் குடும்பங்கள் சிலவற்றில், நாற்பதுகளிலேயே நினைவு அழியத் தொடங்கும். யாருமால் ஊரார் இதனை ‘மடமை’ என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். சூனியம் என்று அஞ்சியோரும் உளர். மெடெயின் நகர மருத்துவர் பிரான்சிஸ்கோ லொபேரா 1980களில் தொடங்கி, அக்குடும்பங்களின் வழிமுறையைத் தலைமுறை தலைமுறையாகத் தொகுத்தார். பிரெசெனிலின் என்னும் மரபணுவில் நேர்ந்த ஒரு பிழையே காரணமென்று 1995இல் தெளிவாயிற்று. பெற்றோருள் ஒருவரிடம் அது இருப்பின், குழந்தை ஒவ்வொன்றுக்கும் அதனைப் பெறும் வாய்ப்பு சரிபாதி. ஊழ் என்று கருதப்பட்டதற்கு இவ்வாறு ஓர் இடமும் கணக்கும் கிடைத்தன.

ஆயினும் அக்கணக்கைப் பொய்யாக்கிய மாது ஒருவரும் அக்குடும்பத்தில் இருந்தார். பிழையான மரபணு இருந்தும், எழுபது வயதைக் கடக்கும் வரை அவருக்கு நினைவு தடுமாறவில்லை. பாஸ்டன் நகரில் படமெடுத்தபோது, இளமையிலேயே நோயுற்ற உறவினரைக் காட்டிலும் மிகுதியான அமிலாய்ட் அவர் மூளையிற் காணப்பட்டது! முறுக்கிழைகளை ஆக்கும் ‘டௌ’ புரதமோ சிறிதளவே இருந்தது. படிவு மட்டுமே நோயாகாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை என்பது என் கருத்து. ‘அபோ-ஈ’ என்னும் வேறொரு மரபணுவில், ‘கிறைஸ்ட்சர்ச்’ எனப்படும் அரிய மாற்றத்தைத் தாய்வழியும் தந்தைவழியும் ஆக இரட்டையாக அவர் பெற்றிருந்தார். இச்செய்தி 2019இல் வெளிவந்தது. இதே மரபணுவின் மற்றொரு வகை நோய்க்கு இடந்தருவது என்பது 1993இலேயே அறியப்பட்டிருந்தது.

ஒற்றை மாற்றம் பெற்ற உறவினர் 27 பேரைப் பற்றிய ஆய்வு 2024இல் வெளிவந்தது. லொபேராவும் அவ்வாண்டே மறைந்தார். மற்றையோர்க்கு 47 வயதளவில் தோன்றிய தடுமாற்றம், அவ்வுறவினர்க்கு 52 வயதளவிலேயே தோன்றியிருந்தது.