ஒரே வகுப்பு, ஒரே வினாத்தாளா?

தரம் 7 இல் என்னிடம் விஞ்ஞானம் கற்ற மாணவன் ஒருவன் ஒளித்தொகுப்பை வாயால் பிழையின்றி விளக்குவான். எழுத்துப் பரீட்சையில் 20 புள்ளிகளைத் தாண்டமாட்டான். சோம்பேறி என்றே நினைத்திருந்தேன். அது டிஸ்லெக்சியா எனும் வாசிப்பு இடர்பாடு என்பது பின்னர்தான் தெரிந்தது.

உள்ளடக்கம், கற்கும் முறை, வெளிப்பாடு, கற்றல் சூழல் ஆகியவற்றை மாணவர் தேவைக்கேற்ப மாற்றலாம் என்கிறார் அமெரிக்கக் கல்வியாளர் கரோல் ஆன் ரொம்லின்சன். கற்றல் இலக்கு மாறாது; அடையும் வழியே மாறும்.

வினாக்களை வாசித்துக் காட்டி, அவனிடம் வாய்மொழியாக விடை பெற்றேன். வகுப்பறைக் கணிப்பீட்டில் இது சாத்தியம். பொதுப் பரீட்சையில் மேலதிக நேரம் போன்ற சலுகைகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே, இடர்பாட்டை நேரகாலத்துடன் இனங்காண்பது ஆசிரியரின் கடமை. அதில் நான் பிந்திவிட்டேன்.